நார்மல் என்று வந்த நரம்பு டெஸ்ட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாப்பாரப்பட்டியில் தையல் கடை வைத்திருக்கிறேன். போன ஆடி மாதம், 64 வயதான என் அப்பாவால் காஜாவுக்குள் பட்டனை நுழைக்க முடியவில்லை. சரி, வயசாகிறது என்று எல்லாச் சட்டைக்கும் டிச் பட்டன் வைத்துக் கொடுத்தேன். நடக்கும்போது காலும் விறைத்தது.

தருமபுரியில் ஒரு லேபில் நரம்பு டெஸ்ட் எடுத்தோம். தோல் மேல் சின்னச் சின்ன ஷாக் கொடுத்து நரம்பின் வேகத்தை அளந்தார்கள். கையில் நொடிக்கு 50 மீட்டருக்கு மேல் இருந்தால் பழுதில்லையாம், அப்பாவுக்கு இருந்தது. அடுத்து ஊசி என்றதும் அப்பா எழுந்துவிட்டார். யாரும் வற்புறுத்தவில்லை. ரிப்போர்ட் 'நார்மல்'. நாலு மாதம் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

அதற்குள் கட்டைவிரலடிச் சதை குழிந்துபோனது. இன்னொரு டாக்டர், 'மோட்டார் நியூரான் நோயாக இருக்கலாம்' என்றார். தசையை இயக்கும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் சாகிற நோயாம். அதைக் குணப்படுத்த மருந்தில்லை என்று கேட்டு அம்மா சாப்பாட்டை விட்டுவிட்டார்.

பெங்களூரில்தான் ஊசி டெஸ்ட், அதாவது இ.எம்.ஜி., செய்தார்கள். ஊசியைத் தசையில் வைத்தால் ஸ்பீக்கரில் சத்தம் வரும். அசையாமல் இருக்கும் நல்ல தசை மௌனமாக இருக்க வேண்டும். அப்பாவின் கையிலோ தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி சத்தம். ஆனால் நாக்கு, நடுமுதுகு, தொடை எல்லாம் மௌனம். அந்த நோயாக இருந்தால் அங்கேயும் கேட்டிருக்க வாய்ப்பு அதிகம். இது கழுத்தோடு நிற்கிறது என்றார் டாக்டர். உணர்ச்சி நரம்பின் செல்கள் தண்டுவடத்துக்கு வெளியே இருப்பதால், தண்டுவடம் நசுங்கினாலும் ஷாக் டெஸ்ட் சரியாகவே வரலாமாம். தண்டுவடத்தைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். எடுத்தோம். கழுத்துத் தசைநார் எலும்பாக இறுகித் தண்டுவடத்தை அழுத்தியிருந்தது.

அப்பாவின் பல் கறையைப் பார்த்துவிட்டு, 'எந்த ஊர்த் தண்ணீர்?' என்று டாக்டர் கேட்டார். போர் தண்ணீர், அதில் ஃபுளோரைடு அதிகம். வருஷக்கணக்கில் குடித்தால் பல்லில் கறை போடும், தசைநாரையும் எலும்பாக இறுக்குமாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல்தானே வந்தது. அதற்கு முன் குடித்ததெல்லாம் எலும்பில் இருக்கிறது.

ஆபரேஷன் முடிந்து இப்போது நடக்கிறார். விரலுக்குப் பழைய பலம் திரும்பவில்லை, டிச் பட்டன்தான்.

கால் விறைப்பு என்று வருகிறவர்களிடம் எங்கள் மாவட்டத்து டாக்டர்கள் குடித்த தண்ணீரைப் பற்றியும் விசாரிக்க வேண்டும். லேப்காரர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: ஊசி குத்தாவிட்டால், 'ஊசிப் பரிசோதனை செய்யப்படவில்லை' என்று ரிப்போர்ட்டில் தமிழில் ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாப்பாரப்பட்டி, தருமபுரி மாவட்டம்.