நோவ்கோரத்தில் பார்த்ததை உனக்கு எழுதுகிறேன்

அன்புள்ள பாப்பா,

நேற்று ரஷ்யாவின் பழைய ஊரான நோவ்கோரத் போய்விட்டு வந்தோம். போனில் சொல்லலாம் என்றால் நீ வேலைக்கு நடுவில் இருப்பாய், ரெண்டு நிமிஷத்துக்கு மேல் பேச முடியாது. நான் சொல்ல வந்தது ரெண்டு நிமிஷத்தில் அடங்காது. சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

தம்பிக்குப் பரீட்சை நடப்பதால் அவன் வரவில்லை. எங்கள் இருவருக்கும் ஒரு பஸ் டூரில் டிக்கெட் எடுத்துக் கொடுத்து, கையில் ரூபிளையும் திணித்து அனுப்பினான். நம்முடைய விசா கார்டு, மாஸ்டர்கார்டு எதுவும் 2022லிருந்து இங்கே செல்லாது, எல்லாம் ரொக்கம்தான். பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து மூன்று மணி நேரத்துக்குக் குறையாத பயணம், வழியெல்லாம் பிர்ச் மரங்கள், வெள்ளை வெளேரென்று. அப்பா தூங்கிவிட்டார். நான் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஊர் வோல்கொவ் ஆற்றின் இரு கரையிலும் இருக்கிறது. ஒரு கரையில் சிவப்புச் செங்கல் கோட்டை, எதிர்க்கரையில் பழைய சந்தை இருந்த இடம். கைடு அந்த ஊர்க்காரப் பெண், உன்னைவிடப் பத்து வயது கூட இருக்கும், நிறுத்தி நிறுத்தி ஆங்கிலம் பேசினார். மாஸ்கோ பெரிய ஊர் ஆவதற்கு எத்தனையோ காலம் முந்தியே இது பெரிய வியாபார ஊராம். மெழுகும் விலங்குத் தோலும் இங்கிருந்துதான் ஜெர்மனிப் பக்கம் போயிருக்கிறது. ராஜாவைக்கூட ஊர்க்கூட்டம்தான் வரச்சொல்லும், பிடிக்கவில்லை என்றால் போகச்சொல்லிவிடும். 1478ல் மாஸ்கோவின் மூன்றாம் இவான் ஊரைப் பிடித்தபோது, கூட்டத்துக்கு ஆள் கூப்பிடுகிற மணியையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார். மணியை ஏன் எடுத்தார் என்று அப்பா கேட்டார். மணி இருந்தால் மறுபடி கூடுவார்களே என்றார் கைடு.

கோட்டைக்குள் இருக்கிற சோஃபியா கோயில் 1045ல் தொடங்கி 1050ல் கட்டி முடித்தது. நம் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஒரு தலைமுறை பிந்தியது, அவ்வளவுதான். பெண்கள் தலையில் துணி போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். எனக்கென்ன, முந்தானையை எடுத்துப் போட்டுக்கொண்டேன், மெழுகுவத்தி விற்கிற பாட்டி என்னைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார். மேற்கு வாசலில் ஒரு வெண்கலக் கதவு, 12ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் மாக்டெபர்க்கில் வார்த்தது. பைபிள் கதைகள் கட்டம் கட்டமாக இருக்கின்றன. எல்லாரும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைடு குனிந்து கீழே காட்டினார், அங்கே அந்தக் கதவைச் செய்தவர்களே நிற்கிறார்கள், கையில் அவரவர் கருவியோடு. ஆபிரகாம் என்று ஒரு ரஷ்யக் கொல்லரும் நடுவில் நிற்கிறார், கையில் சுத்தியல், குறடு. அதைப் பார்த்ததும் கும்பிடத் தோன்றியது எனக்கு.

கோபுரத்துச் சிலுவையின் உச்சியில் ஒரு உலோகப் புறா உட்கார்ந்திருக்கும். அது பறந்துபோனால் ஊரில் அமைதி போய்விடும் என்று நம்பிக்கை. ரெண்டாம் உலகப் போரில் 1941 முதல் 1944 ஜனவரி வரை ஊர் ஜெர்மன் படையிடம் இருந்தது. அவர்களோடு வந்த ஸ்பெயின் படைக்காரர்கள் அந்தச் சிலுவையை எடுத்துப் போய்விட்டார்கள், 2004ல்தான் திருப்பித் தந்தார்கள். இப்போது அசல் கோயிலுக்குள் இருக்கிறது, மேலே இருப்பது புதிதாகச் செய்தது. போர் முடிந்தபோது ஊரில் 40 கட்டடம்தான் மிச்சமாம். நாங்கள் நடந்த தெருக்கள் எல்லாம் அதற்கப்புறம் எழுந்தவை. இதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் குரல் இறங்கிவிட்டது, அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார்.

கோட்டை நடுவில் 1862ல் வைத்த பெரிய நினைவுச்சின்னம் இருக்கிறது, ராஜா, புலவர், படைத்தலைவர் என்று நூற்றுக்கும் மேல் உருவங்கள். அதில் இவான் த டெரிபிள் என்கிற நான்காம் இவான் மட்டும் கிடையாது. 1570ல் இந்த ஊர் ஜனங்களை அப்படிக் கொன்று குவித்தவர். அவருக்கு இடம் தராதது எனக்குச் சரியாகத்தான் பட்டது.

சரி, உனக்கு இந்தக் கடிதத்தையே நான் எழுதக் காரணம் மியூசியத்தில் பார்த்ததுதான். அந்தக் காலத்தில் இந்த ஊர் ஜனங்கள் பிர்ச் மரப்பட்டையில் கடிதம் எழுதியிருக்கிறார்கள். மை கிடையாது, எலும்பிலோ இரும்பிலோ செய்த எழுத்தாணியால் கீறியிருக்கிறார்கள், நம் பனையோலை மாதிரியே. படித்ததும் தெருவில் போட்டுவிட்டார்கள். இந்த ஊர் மண் எப்போதும் ஈரம், உள்ளே காற்றுப் போகாது, அதனால் பட்டை மக்கவில்லை. தெருவில் மரப்பலகை பதித்து, சேறு ஏறினால் அதன்மேல் இன்னொரு வரிசை பதிப்பார்களாம், ஒரு தெருவில் மட்டும் 28 வரிசை தோண்டி எடுத்திருக்கிறார்கள். 1951 ஜூலை 26ஆம் தேதி நீனா அகூலவா என்று ஒரு பெண் அந்தப் பலகைகளுக்கு நடுவிலிருந்து முதல் பட்டையை எடுத்தார். இப்போது 1,100க்கு மேல் சேர்ந்துவிட்டது. பெண்கள் எழுதியதும் இருக்கிறது.

ஓன்ஃபிம் என்று ஒரு பையன், 13ஆம் நூற்றாண்டு, ஆறேழு வயது இருக்கலாம் என்கிறார்கள். உடைந்த பட்டைப் பாத்திரத்தின் அடிப்பாகத்தை எடுத்து ப, வ, க, த என்று எழுதிப் பழகியிருக்கிறான், திருப்பிப் போட்டு ஒரு மிருகத்தை வரைந்து, நான் ஒரு மிருகம் என்று எழுதியிருக்கிறான். இன்னொன்றில் குதிரைமேல் இவனே ஈட்டியோடு உட்கார்ந்திருக்கிறான், பக்கத்தில் பெயர். அவன் வரைந்த ஆட்களுக்குக் கையில் விரல் மூன்றும் இருக்கும், எட்டும் இருக்கும். நீ வரைந்ததெல்லாம் பரணில் அந்தத் தகரப்பெட்டியில் அப்படியே இருக்கிறது, தெரியுமா.

அப்புறம் போரிஸ் என்று ஒருவர் வெளியூரிலிருந்து நஸ்தாசியாவுக்கு எழுதியது. இங்கே எனக்கு வேலை நிறைய, குதிரையோடு ஒரு ஆளை அனுப்பு, சட்டையும் கொடுத்தனுப்பு, சட்டையை மறந்துவிட்டேன். இவ்வளவுதான் கடிதம். 600 வருஷத்துக்கு மேல் ஆகிறது, எனக்கு அந்த மனுஷனின் அவசரம் அப்படியே தெரிகிறது. இன்னொரு பட்டையில் ஒரு நஸ்தாசியா தன் சகோதரர்களுக்கு எழுதுகிறாள், என் போரிஸ் உயிரோடு இல்லை, என்னையும் பிள்ளைகளையும் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று. ரெண்டும் ஒரே குடும்பமாக இருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் நினைக்கிறார்களாம். நான் அங்கேயே நின்றுவிட்டேன் பாப்பா, குழு அடுத்த அறைக்குப் போனதுகூடத் தெரியவில்லை, அப்பா திரும்பி வந்து கூட்டிக்கொண்டு போனார்.

மத்தியானம் முட்டைக்கோஸ் வைத்த பன், தேன் விட்ட டீ. ஆற்றைத் தாண்டி இலின் தெருவில் ஒரு சின்னக் கோயில், 1378ல் கிரேக்க ஓவியர் தியோஃபனீஸ் தீட்டிய சுவரோவியங்கள், செம்மண் நிறமும் வெள்ளைக் கீற்றும்தான், அதிலேயே முகங்கள் நம்மை உற்றுப் பார்க்கின்றன. கூட வந்தவர்கள் நடந்து களைத்துவிட்டதால் அங்கே கொஞ்ச நேரம்தான் நிற்க முடிந்தது.

நான் கேட்பது இதுதான். எப்போது கேட்டாலும் "ஒண்ணும் விசேஷம் இல்லைம்மா" என்கிறாய். விசேஷம் எனக்கு வேண்டாம். என்ன சமைத்தாய், பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், எதை மறந்துவிட்டுப் போய் நின்றாய், அதை எழுது. வாட்ஸாப்பில் கட்டைவிரல் படம் அனுப்பாதே, காகிதத்தில் உன் கையெழுத்தில் எழுது, கோணல் மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. டப்ளினிலிருந்து தபால் வர எத்தனை நாள் ஆனாலும் நான் காத்திருக்கிறேன்.

மாசக் கடைசியில் ஊருக்குப் போய்விடுவோம், அதனால் வீட்டு விலாசத்துக்கே அனுப்பு. அந்த ஹீட்டரை வீட்டுக்காரர் சரிபண்ணிக் கொடுத்தாரா இல்லையா, முதலில் அதை எழுது.

அம்மா