வணிக இணைப்பு என்று பில் போட்டால் வணிக இணைப்பாகவே கொடுங்கள்

தமிழ்நாட்டில் வணிகப் பிரிவை விரிவாக்கி வரும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஐடி பூங்காக்களோடு நின்றிருந்த உங்கள் வணிகச் சேவை இப்போது திருப்பூர், ஈரோடு, கரூர் சந்துகளுக்கும் வருகிறது. மனதார வரவேற்கிறோம். பத்து தையல் மெஷின் ஓடும் யூனிட்டிலும் இன்று நெட் நின்றால் வேலை நிற்கும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினால், மற்ற நிறுவனங்களுக்கு விற்கும் சரக்குக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் (நெட்டில் அரசுத் தளத்தில் பதிவாகும் பில்) கட்டாயம். அது வராமல் லாரி வாசலைத் தாண்டாது.

ஆனால் ‘பிசினஸ் பிளான்’ என்ற பெயரில் வருவது பெரும்பாலும் வீட்டு ஃபைபர்தான். பில் மட்டுமே வேறு. ஒரே ஃபைபரைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கும் ஜிபான் முறையில் ஒரு போர்ட்டுக்கு டவுன்லோடு சுமார் 2.5 ஜிபிபிஎஸ், அப்லோடு 1.25 ஜிபிபிஎஸ். அதை 32 வீடுகளும் கடைகளும், சில இடங்களில் 64 கூட, பங்கு போட்டுக்கொள்கின்றன. இது தவறில்லை, விலை குறைவதற்கே காரணம் இதுதான். அதை, ஒருவருக்கே தனியாக ஒதுக்கும் லீஸ்டு லைன் போலப் பேசி விற்பதுதான் தவறு. 16 கேமரா, ஒவ்வொன்றும் 2 எம்பிபிஎஸ் வீதம் கிளவுடில் பதிவானால், 32 எம்பிபிஎஸ் அப்லோடு இரவு பகலாகப் போய்க்கொண்டே இருக்கும். பங்கு விகிதம் எவ்வளவு, அப்லோடில் எவ்வளவு உறுதி என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். ஸ்டாட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி) உண்டா என்பதும் அதில் வேண்டும். ரவுட்டரின் வான் (WAN, வெளிப்பக்க) முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், வெளி முகவரியைப் பலரோடு பங்கு போடுகிறீர்கள் என்று பொருள். அப்போது வெளியிலிருந்து கேமரா பதிவுப் பெட்டியான டிவிஆரையோ அலுவலக சர்வரையோ நேராகத் தொட முடியாது. பணம் கட்டிய பிறகுதான் இது பலருக்குத் தெரியவருகிறது.

எல்லாவற்றையும் விட எங்களை வருத்துவது, ஒரு இணைப்பு அறுந்தால் கைகொடுக்க வேண்டிய இரண்டாவது வழி. இரண்டு நிறுவனத்திடம் இரண்டு இணைப்பு வாங்கிய ஆலையில் ஒரே ஜேசிபி இரண்டையும் அறுக்கிறது. கடைசி 300 மீட்டரில் இரண்டு கேபிளும் ஒரே ஈபி கம்பங்களில், ஒரே ஏரியா ஆபரேட்டரின் கையால், ஒரே கட்டாகக் கட்டி வருவதே காரணம். கம்பத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும்: நிறம் மங்கிய இரண்டு கருப்பு வயர், ஒரே கேபிள் டை. ஆகவே இணைப்பு தருமுன் தடத்தின் வரைபடம் கொடுங்கள்: எந்தக் கம்பங்கள், தெருவின் எந்தப் பக்கம், கட்டடத்துக்குள் எந்தச் சுவர் வழியே. இரண்டாவது வயர் பின்பக்கத் தெரு வழியே வரட்டும். வழியில்லை என்றால் 4ஜி அல்லது 5ஜி கொடுங்கள். ஒப்படைக்கும் நாளில் உங்கள் ஆளே முதல் இணைப்பின் பேட்ச் கார்டை, அதாவது பெட்டியில் சொருகும் வயரை, பிடுங்கி, இரண்டாவதுக்கு மாறுவதைக் காட்ட வேண்டும். மாறிய பிறகு ஐபி முகவரியும் மாறிவிடும் என்பதால், ஐபியைப் பார்த்து அனுமதிக்கும் விபிஎன் (அலுவலகத்துக்கான பாதுகாப்பான தனி வழி) ஓடுகிறதா என்றும் அப்போதே சோதிக்க வேண்டும்.

மண்ணுக்கடியில் போகும் கேபிளுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. தோண்டுமுன் தகவல் சொல்ல 2023 மார்ச்சில் மத்திய அரசு ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலியைக் கொண்டுவந்தது. உங்கள் தடம் அதில் சரியாக ஏறியிருந்தால்தான் தோண்டுகிறவர் உங்களுக்குச் சொல்ல முடியும்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு என்றால் பகல் முழுக்க மின்தடை. ஃபைபரைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரம் வேண்டாம், ஆலையில் ஃபைபர் வந்து சேரும் பெட்டியான ஓஎன்டிக்குச் சின்ன யுபிஎஸ் போதும். படுப்பது ஆபரேட்டர் அறையில் இருந்து எல்லா ஓஎன்டிகளையும் இயக்கும் ஓஎல்டி பெட்டிதான். 150 வாட் இழுக்கும் அறையில் 150 ஏஎச் பேட்டரி ஒன்று புதிதாக இருக்கும்போது எட்டு மணி நேரத்தை ஒட்டி வரும். மூன்று வருடம் ஓடியது பாதியிலேயே கைவிரித்துவிடும். அந்த பேட்டரியின் வயதைக் கேட்டு வைத்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

நெட் வழியே பல ஃபோன் அழைப்புகளைத் தரும் சிப் ட்ரங்க் விற்கிறீர்கள், நல்லது. ஜி.711 என்ற குரல் முறையில் ஒரு அழைப்புக்குச் சுமார் 87 கேபிபிஎஸ், 30 அழைப்புக்கு 2.6 எம்பிபிஎஸ், வேகம் இங்கே பிரச்சினையே இல்லை. பேச்சு ஒரு பக்கம் மட்டும் கேட்பதும், சரியாக 32 விநாடியில் அறுவதும்தான் புகார். ரவுட்டரில் அழைப்புகளைக் கையாளும் சிப் ஏஎல்ஜி என்ற வசதி முகவரிகளைத் தப்பாக மாற்றி எழுதிவிட, ‘கிடைத்தது’ என்ற பதில் வழிதவறிப் போகிறது. மறுமுனை காத்திருந்து வைத்துவிடுகிறது. ஏஎல்ஜியை அணைத்தாலே பெரும்பாலும் சரியாகும். அட்மின் கடவுச்சொல்லை நீங்கள் பூட்டி வைத்திருப்பதால் ஒரு நிமிட வேலைக்கு மூன்று நாள் ஆகிறது. வணிக வாடிக்கையாளருக்கு அதைக் கொடுத்துவிடுங்கள்.

இணைப்பு 99.5 சதவீத நேரம் ஓடும் என்று உறுதி தந்தால் மாதத்துக்கு 3 மணி 36 நிமிடம் நிற்கலாம், 99.9 என்றால் 43 நிமிடம். சதவீதத்தோடு மணிக்கணக்கையும் தமிழில் அச்சிடுங்கள். திட்டமிட்ட பராமரிப்பு அதில் சேருமா, கடிகாரம் புகார் எண் தந்ததிலிருந்து ஓடுமா, ஆள் வந்ததிலிருந்தா என்பதையும் எழுதுங்கள்.

புகார் எண்ணில் பேசுகிறவருக்கு ஓஎன்டியின் ஒளி அளவு திரையில் தெரிய வேண்டும். ஒளி மங்கி மைனஸ் 27 டிபிஎம்முக்குக் (ஒளியை அளக்கும் அலகு) கீழே போயிருந்தால் ‘ரீஸ்டார்ட் பண்ணுங்க’ என்பதில் பயனே இல்லை. வளைந்த வயரோ, அழுக்கேறிய முனையோ, பச்சைத் தலை கனெக்டரை நீலத் தலையில் சொருகியதோதான் இருக்கும். முதல் அழைப்பிலேயே ஃபைபரை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினோடு ஆளை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
திருப்பூர் வட்டாரச் சிறு ஆலைகளில் நெட்வொர்க் வேலை பார்க்கும் தொழில்நுட்பர்கள்