‘எஸ் மினிஸ்டர்’ தொடரில் முட்டாள் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய பிரிட்டிஷ் அரசியல் நையாண்டித் தொடர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் ‘எஸ் மினிஸ்டர்’ இன்றும் ரசிக்கப்படுவதற்குக் காரணம் எக்காலத்திலும் அரசியல்வாதிகள் முட்டாள்களாக இருப்பதுதான் என்று எழுதியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தத் தொடரில் முட்டாள் யாருமே கிடையாது.

அமைச்சர் ஜிம் ஹேக்கருக்குப் புகழாசை உண்டு, பத்திரிகைகளைக் கண்டால் நடுக்கமும் உண்டு, ஆனாலும் போகப் போக அவரே அதிகாரிகளை மடக்குகிற இடங்கள் வருகின்றன. துறைச் செயலாளர் சர் ஹம்ப்ரி லஞ்சம் வாங்குகிறவர் இல்லை. அமைச்சர்கள் வருவார்கள் போவார்கள், துறைதான் நிலைத்திருக்க வேண்டும் என்று மனதார நம்புகிறவர். இருவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதனால்தான் நமக்கு அலுக்கவே இல்லை.

1981இல் ஒளிபரப்பான மருத்துவமனைக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். புத்தம் புதிய மருத்துவமனை, நிர்வாகத்துக்கும் மற்ற துணை வேலைகளுக்குமாக ஏறக்குறைய 500 ஊழியர்கள், ஒரு நோயாளிகூட இல்லை. ஹேக்கர் கொதித்துப் போய்க் கேட்கிறார். ஹம்ப்ரி கொஞ்சமும் அசராமல் நிதி, கொள்முதல், கட்டடப் பராமரிப்பு, பணியாளர் பிரிவு என்று ஒவ்வொன்றாக அடுக்கி, நோயாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த வேலைகள் எல்லாம் நடந்துதானே ஆக வேண்டும் என்கிற மாதிரி விளக்குகிறார், கேட்டுக்கொண்டிருக்கிற நமக்கே ஒரு நிமிடம் சரிதானே என்று தோன்றிவிடும்! போதாக்குறைக்கு, சுகாதாரத்தில் சிறந்த மருத்துவமனை என்ற பரிசுக்கும் அது போட்டியில் இருக்கிறது.

ஹேக்கர் பிரதமரான பிறகு வந்த ‘எஸ், பிரைம் மினிஸ்டர்’ தொடரில் இன்னொரு இடம். கட்டாய ராணுவ சேவைக்கு மக்கள் ஆதரவு இருப்பதாகக் கருத்துக்கணிப்பு சொல்கிறது. ஹம்ப்ரி உடனே தனிச் செயலாளர் பெர்னார்டிடம் கேள்விகளைத் தொடுக்கிறார். வேலையில்லாத இளைஞர்களை நினைத்துக் கவலைப்படுகிறாயா, குற்றங்கள் பெருகுகின்றனவா, பள்ளிகளில் ஒழுங்கு குறைந்துவிட்டதா என்று வரிசையாகக் கேட்டுக் கடைசியில் கட்டாய சேவை வேண்டுமா என்றால் பெர்னார்ட் ஆமாம் என்கிறார். அப்புறம் போர் அபாயம், ஆயுதப் பெருக்கம், இளைஞர் கையில் துப்பாக்கி கொடுப்பது என்று வேறு வரிசை. கடைசியில் அதே சேவையை எதிர்ப்பாயா என்றால் அதற்கும் ஆமாம்! இரண்டே நிமிடக் காட்சி. தேர்தல் நேரத்தில் எந்தக் கணிப்பைப் படித்தாலும், என்ன கேட்டிருப்பார்கள் என்றுதான் நான் முதலில் தேடுகிறேன்.

எழுதிய ஆன்டனி ஜேவும் ஜொனாதன் லின்னும் அரசாங்கத்துக்கு உள்ளே இருந்தவர்களிடம் விவரம் கேட்டு எழுதியவர்கள். ஹேக்கர் எந்தக் கட்சி என்று கடைசிவரை சொல்லவே இல்லை. அன்றைய தலைவர்களைப் போல வேஷம் கட்டியிருந்தால் அந்தத் தலைவர்களோடு சேர்ந்து தொடரும் மறைந்திருக்கும்.

பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சருக்கே இது பிடித்த தொடர், 1984இல் அந்த நடிகர்களோடு மேடையேறி ஒரு சின்னக் காட்சியில் நடிக்கவும் செய்தார். ஆட்சியில் இருப்பவரே ரசித்தால் அது என்ன நையாண்டி என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. அமைச்சர்கள் பார்த்தால் அதிகாரிகளைத் தாக்குவது போலவும், அதிகாரிகள் பார்த்தால் அமைச்சர்களைத் தாக்குவது போலவும் தெரிகிற அளவுக்கு இருபுறமும் கூர்மையாக எழுத எத்தனை பேரால் முடியும்?

நம் தலைமைச் செயலகங்களும் அந்த வெள்ளைக்கார நிர்வாக முறையிலிருந்து வந்தவைதான், அதனால் கோப்பும் குறிப்பும் நமக்குப் புரியவைக்க வேண்டியதில்லை. 2001இல் ஃபாரூக் ஷேக் நடிக்க ‘ஜீ மந்திரிஜி’ என்று இந்தியில் எடுத்தார்கள். தமிழிலும் யாராவது முறையாக உரிமை வாங்கி எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்று கட்டுரையில் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். முதல் பகுதியிலிருந்து வரிசையாகப் பார்த்தே ஆக வேண்டும் என்றில்லை, அந்த மருத்துவமனைக் கதையிலேயே ஆரம்பிக்கலாம். சப்டைட்டிலை மட்டும் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள், ஹம்ப்ரியாக நடித்த நைஜல் ஹாதார்ன் மூச்சுவிடாமல் பேசுகிற அந்த நீள வாக்கியங்களில் ஒரு சொல்லைக்கூடத் தவறவிடக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
திருச்சி