போவின் சுவர்களை அளந்து பார்த்து மொழிபெயர்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவைப் பற்றிய கட்டுரையும், அவருடைய கதைகள் வரும் வாரங்களில் தமிழில் வெளியாகும் என்ற அறிவிப்பும் கண்டோம். அறிவிப்பு மகிழ்ச்சி தந்தது. கட்டுரை வருத்தம் தந்தது. குடிகாரர், அபினுக்கு அடிமை, பாதிப் பைத்தியம், மயக்கத்தில் கண்டதையெல்லாம் எழுதித் தள்ளியவர் என்று அது தீட்டும் சித்திரத்தை உண்டாக்கியது அவர் கதைகள் அல்ல, அவர்மேல் பகை கொண்டிருந்த ஒருவர்.

போ 1849 அக்டோபர் 7 அன்று பால்டிமோரில் இறந்தார். இரண்டே நாளில் நியூயார்க் டிரிப்யூன் இதழில் "லுட்விக்" என்ற புனைபெயரில் ஒரு இரங்கல் குறிப்பு வந்தது. அதை எழுதியவர் ரூஃபஸ் கிரிஸ்வோல்ட். போவுக்குப் பின் கிரகாம்ஸ் இதழின் ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்தவர் அவர்தான். பின்னர் போவின் நூல்களைத் தொகுக்கும் பொறுப்பும் அவர் கைக்கே போயிற்று. 1850இல் தொகுப்போடு ஒரு வாழ்க்கைக் குறிப்பையும் சேர்த்து அச்சிட்டார். அதில் போவின் கடிதங்களில் வரிகளைத் திருத்தியும் இடைச்செருகியும் வைத்தார். 1941இல் ஆர்தர் ஹாப்சன் குவின் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் மூலக் கடிதங்களோடு ஒப்பிட்டுக் காட்டிய பிறகு இதில் ஐயத்துக்கு இடமில்லை. திருத்தப்பட்ட கடிதங்களை நம்பி எழுதிய எதையும் இனி அச்சிடலாகாது.

போ குடித்தார் என்பது உண்மை. கொஞ்சம் உள்ளே போனாலே நிலைகுலைந்துவிடும் உடம்பு அது. அதனால் வேலை போனதும் உண்டு. அபின் விஷயம் வேறு. அவருடைய சில கதைகளில் கதைசொல்லி அபின் உண்பவர். அதை ஆசிரியர் தலையில் ஏற்றியதுதான் இந்தப் புரளியின் வேர். மருத்துவம் படித்தவரும் போவோடு ஜென்மப் பகை கொண்டவருமான தாமஸ் டன் இங்கிலிஷ்கூட, அவரிடம் அபின் பழக்கம் இருந்திருந்தால் தமக்குத் தெரியாமல் போயிருக்காது என்றே எழுதினார். 1848 நவம்பரில் மனமுடைந்து லாடனம் என்ற அபின் மருந்தை அளவுக்கு மீறிக் குடித்ததை மட்டும் போவே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். தங்கள் கட்டுரையோடு வந்த படம், அதாவது கண் குழிந்து வாய் கோணி இருக்கும் அந்தப் படம், அது நடந்து சில நாட்களுக்குள் பிராவிடன்ஸ் நகரில் எடுத்தது. ஒரு மனிதனின் மிக மோசமான வாரத்து முகத்தை வாழ்நாள் முகமாக எல்லாப் பத்திரிகைகளும் போடுகின்றன. அடுத்த முறை வேறு படம் போடுங்கள்.

சாவைப் பற்றியும் ஒரு சொல். 1849 அக்டோபர் 3, தேர்தல் நாள். வாக்குச்சாவடியாக இருந்த ஒரு மதுக்கடையில், தம்முடையதல்லாத உடைகளோடு, நினைவு தடுமாறிய நிலையில் அவர் கண்டெடுக்கப்பட்டார். நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்து நாற்பது வயதில் இறந்தார். மருத்துவக் குறிப்புகள் எதுவும் மிஞ்சவில்லை. சிகிச்சை தந்த மருத்துவர் மோரன் ஆண்டுக்கு ஆண்டு கதையை மாற்றிச் சொன்னார். ஆகவே கட்டுரையில் உள்ள "குடித்தே செத்தார்" என்ற வரியை எடுத்துவிட வேண்டும். இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு ரிச்மண்டில் மதுவிலக்குச் சங்கமொன்றில் அவர் சேர்ந்திருந்தார் என்பதும் பதிவானது.

இதையெல்லாம் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. பித்துப் பிடித்தவர் எழுதியது என்று நினைத்துக்கொண்டு மொழிபெயர்க்க உட்காருகிறவர், கணக்குகளை எல்லாம் அலங்காரம் என்று நினைத்துத் தள்ளிவிடுவார். போவிடம் கணக்குதான் கதை.

1846 நவம்பரில் வெளிவந்த அமோண்டிலாடோ கதையைப் பாருங்கள். இறந்தவர்களின் எலும்புகள் குவிந்த நிலவறைக்குள் ஒரு குழிவு. ஆழம் சுமார் நான்கு அடி, அகலம் மூன்று, உயரம் ஆறு அல்லது ஏழு. கதைசொல்லி தன் எதிரியை உள்ளே சங்கிலியில் பூட்டிவிட்டு வாயைக் கல் வைத்து அடைக்கிறான். மொத்தம் பதினோரு வரிசை. ஏழடி என்றால் 84 அங்குலம், பதினொன்றால் வகுத்தால் வரிசைக்கு ஏழரை அங்குலத்துக்குச் சற்று மேல், சாந்தையும் சேர்த்து. ஏழாவது வரிசை முடிந்தபோது சுவர் ஏறக்குறைய மார்மட்டம் வந்தது என்கிறான். ஏழு தடவை ஏழரை, ஐம்பத்திரண்டரை அங்குலம், நாலேகால் அடிக்குச் சற்று மேல். மார்மட்டம்தான்! மூன்றடி அகலத்தில் வரிசைக்கு மூன்று, நான்கு கல் என்று வைத்தால் மொத்தம் 33 முதல் 44 கற்கள். கொத்தனார் அல்லாத ஒருவன் ஒரே இரவில் தனியாக அடுக்கக்கூடிய வேலை அது. கல்லையும் சாந்தையும் முன்கூட்டியே எலும்புக் குவியலுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறான். கடைசியில் அந்த எலும்புகளையே புதுச் சுவரின் முன்னால் திரும்ப அடுக்குகிறான். ஏன்? அந்தக் காலத்துச் சாந்து சுண்ணாம்பு. காற்று பட்டுத்தான் இறுகும், அதுவும் மெல்ல. ஈரம் சொட்டும் நிலவறையில் இன்னும் தாமதம். பச்சைச் சாந்தின் நிறம் நாள்கணக்கில் காட்டிக் கொடுத்துவிடும், மறைப்பு வேண்டும். சுண்ணாம்பை அரைத்து, கருப்பட்டியும் கடுக்காயும் சேர்த்து, மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைத்த சுவர்கள் நடுவே வாழும் செட்டிநாட்டு வாசகருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மொழிபெயர்ப்பில் அது இருந்தால் போதும்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. அந்த வரிசைகள்தான் கதையின் கடிகாரம். முதல் வரிசையில் உள்ளிருந்து முனகல். நான்காவதுக்குப் பின் சங்கிலி குலுங்கும் ஓசை; அதைக் கேட்டு ரசிக்க வேலையை நிறுத்திவிட்டு எலும்புகள் மேல் உட்காருகிறான். ஏழாவது முடிந்து தீப்பந்தத்தைத் தூக்கிப் பார்த்ததும் அலறல். பதினோராவதில் ஒரே ஒரு கல் பாக்கி நிற்கும்போது மெல்லிய சிரிப்பு. பக்கத்தில் இடமில்லை என்று "அவன் சுவரை எழுப்பி முடித்தான்" என ஒரே வரியில் சுருக்கினால் மிஞ்சுவது வெறும் கொலைச் செய்தி.

1843 ஆகஸ்டில் வந்த கருப்புப் பூனை கதையிலும் சுவர்தான்; கொன்ற மனைவியின் உடலைக் கதைசொல்லி அதற்குள் ஒளிக்கிறான். ஆனால் இங்கே மறைக்க எலும்பில்லை, நிலவறைக்குப் போலீஸ் வரப்போகிறது. ஆகவே கதைசொல்லி சாந்து, மணல், முடி மூன்றையும் தேடிப் பிடித்து, பழைய பூச்சிலிருந்து பிரித்தறிய முடியாத பூச்சைக் கலக்கிறான். "முடி" என்பதைப் பிழை என்று நினைத்து விட்டுவிட வேண்டாம். பூச்சு காயும்போது வெடிக்காமல் பிடித்து வைக்க அன்று விலங்கு முடியைக் கலப்பது வழக்கம். அதே கதையின் நடுவில் வீடு எரிந்துபோகிறது. ஒரே ஒரு சுவர் நிற்கிறது. சமீபத்தில் பூசியதால் அது தீயைத் தாங்கியது என்கிறான். அதில் கழுத்தில் கயிறோடு ஒரு பூனையின் உருவம். சுண்ணாம்பும் தீயும் செத்த பூனையின் உடலிலிருந்து வந்த அம்மோனியாவும் சேர்ந்து செய்த வேலை என்று அவனே விளக்கம் சொல்லிக்கொள்கிறான். விளக்கம் செல்லுமா என்பது வேறு. அப்படி ஒரு விளக்கத்தை அவன் தேடுவதில்தான் பயம் இருக்கிறது. இந்த இரு கதைகளையும் "பேய்க் கதை" என்று தலைப்பிட்டு வெளியிட வேண்டாம். அமோண்டிலாடோவில் பேய் என்று ஒன்று இல்லவே இல்லை. பூனைக் கதையில் அதைப் பேய் என்று சொல்லத் துணியாத ஒரு மனிதன் இருக்கிறான்.

இனி சொற்கள். அமோண்டிலாடோ என்பது ஸ்பெயினின் ஷெர்ரி வகை மது. "பழரசம்" என்று போட்டால், அதற்கு ஆசைப்பட்டு ஒருவன் நிலவறைக்குள் இறங்கிப் போவது நம்பும்படி இராது. அதே கதையில் வரும் "பைப்" குழாய் அல்ல, ஏறத்தாழ 480 லிட்டர் கொள்ளும் பீப்பாய். சுவரில் படர்ந்திருப்பதாக வரும் பொருளை அகராதி வெடியுப்பு என்று காட்டும். அப்படியே போட்டால் வாசகர் வெடிமருந்தை நினைப்பார். பழைய வீட்டுச் சுவரடியில் உப்புப் பூத்துப் பொரிந்து நிற்குமே, அதுதான். "உப்புப் பூத்த சுவர்" என்றால் இங்கே எல்லாருக்கும் விளங்கும். எதிரியின் நீண்ட இருமலைப் போ எழுத்துக் கூட்டி ஒரு முழு வரிக்கு அச்சிட்டிருக்கிறார். "இருமினான்" என்று சுருக்காமல் அந்த வரியை வைக்க வேண்டும்.

1843 ஜனவரியில் வெளிவந்த இதயம் காட்டிக்கொடுக்கும் கதையில் நான்கு இடங்கள் வழுக்கும். கதைசொல்லி கொல்லும் கிழவரின் கண் வெளிர்நீலம், மேலே ஒரு படலம். தமிழில் "பூ விழுந்த கண்" என்ற சொல் இருக்க "சவ்வு மூடிய விழி" எதற்கு? அந்தக் கண்ணைப் பிணந்தின்னிக் கழுகின் கண்ணோடு ஒப்பிடுகிறார். வெறும் "கழுகு" என்றால் நம் காதில் சடாயு வந்து உட்காருவார். சுவருக்குள் இரவெல்லாம் கேட்கும் "சாவுக் கடிகாரம்" கடிகாரமே அல்ல. பழைய மரத்தைக் குடையும் ஒரு வண்டு தலையால் மரத்தைத் தட்டும் ஓசை. சாவுக்கு அறிகுறி என்று மேல்நாட்டில் நம்பினார்கள். பஞ்சில் சுற்றிய கடிகாரம்போல இதயம் ஒலித்தது என்ற இடத்திலோ உண்மையிலேயே கடிகாரம். ஆனால் அக்காலத்தில் அது சட்டைப்பையில் இருந்தது, மணிக்கட்டில் அல்ல. அங்கே "லப் டப்", "திக் திக்" எதையும் நுழைக்க வேண்டாம். போ ஓசையை வருணிக்கிறார், ஒலிக்குறிப்பு தருவதில்லை. தந்தால் கேட்பவர் மனத்துக்குள் அது துடிக்காது.

கதைசொல்லி ஆணா பெண்ணா என்று அந்தக் கதையில் எங்கும் வெளிப்படையாக இல்லை. தமிழில் தன்மை வினை பால் காட்டாது என்பதால் இதைக் காப்பாற்றுவது எளிது. "நான் பைத்தியக்காரன் அல்ல" என்று எழுதிய கணமே அது போய்விடும். "எனக்கா பைத்தியம்?" என்றால் போதும். போ அடிக்கடி ஒரே சொல்லை அடுக்குவார்: மெல்ல, மெல்ல, மிக மெல்ல. ஆங்கிலத்தில் இது திணறல். அச்சத்திலும் விரைவிலும் சொல் அடுக்கி வரும் என்று நம் இலக்கணமே அடுக்குத்தொடருக்கு இடம் கொடுத்திருக்கிறது. கூறியது கூறல் என்று வெட்டிவிடக் கூடாது.

1839இல் வந்த அஷர் கதைக்கு "மாளிகை" என்று தலைப்பு வைப்பவர்கள் பாதியை இழக்கிறார்கள். அந்தச் சுற்றுவட்டாரக் குடியானவர்கள் கட்டடத்தையும் வம்சத்தையும் ஒரே சொல்லால் குறித்தார்கள் என்று கதையிலேயே வருகிறது. நம் ஊரில் "பெரிய வீடு" என்றால் கட்டடமா மனிதர்களா? இரண்டும்தான். ஆகவே "அஷர் வீட்டின் வீழ்ச்சி". கூரையில் தொடங்கி வளைந்து வளைந்து தண்ணீர்வரை இறங்கும் மெல்லிய விரிசல் முதல் சில பக்கங்களிலேயே வருகிறது. அதை விட்டால், வீடு பிளந்து விழும் முடிவு வானத்திலிருந்து விழுந்ததுபோல் ஆகும். வீட்டின் முன் உள்ள நீர்நிலையை ஊருணி என்று போட வேண்டாம். ஊருணி ஊரார் குடித்து உயிர் வாழும் தண்ணீர். இது அசைவற்ற கரிய மடு.

கடைசியாக, 1845 ஜனவரி 29 அன்று நியூயார்க்கில் வெளிவந்து அவருக்குப் பெயர் வாங்கித் தந்த "தி ரேவன்" கவிதை. பதினெட்டுப் பத்திகள், 108 வரிகள். அந்தப் பறவை அண்டங்காக்கை. "காகம்" என்றால் சோறு வைத்து அழைக்கும் முன்னோர் நினைவு வந்து பொருள் தலைகீழாகும். அது திரும்பத் திரும்பச் சொல்லும் "நெவர்மோர்" என்ற ஒற்றைச் சொல்லை, நீண்ட ஒகரமும் ரகரமும் வரும்படி ஓசை பார்த்தே தேர்ந்தெடுத்ததாக 1846 கட்டுரையொன்றில் போ எழுதினார். சொன்ன ஒழுங்கிலேயே எழுதினாரா என்று பலர் ஐயப்படுவதுண்டு. ஆனால் ஓசை முக்கியம் என்பதில் ஐயமில்லை. "இனி ஒருபோதும் இல்லை" என்று உரைநடையாக நீட்டினால் பறவை பேசுவதாகத் தோன்றாது. எங்கள் யோசனை: "ஆகாது". காக்கையின் குரல் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பெயர் கேட்டாலும், மருந்து கேட்டாலும், இறந்தவளை மறுபடி காண்பேனா என்று கேட்டாலும் அதுவே விடையாகப் பொருந்தும். 1939 முதல் கம்பன் விழாவில் சந்தம் கேட்டுப் பழகிய ஊர் காரைக்குடி. மொழிபெயர்ப்பை அச்சுக்கு அனுப்புமுன் இங்கே நாலு பேர் முன் வாய்விட்டுப் படித்துப் பார்த்தால், எங்கே எதுகை இடறுகிறது என்று உடனே தெரிந்துவிடும். படித்துக் காட்டவும் கேட்கவும் ஆயத்தமாக இருக்கிறோம்.

கட்டுரையில் பிறந்த தேதி ஜனவரி 20 என்று உள்ளது. 1809 ஜனவரி 19 என்று திருத்துங்கள். பால்டிமோர் கல்லறை நினைவுச்சின்னத்திலேயே 20 என்று தவறாகச் செதுக்கியிருப்பதால் இந்தப் பிழை பலருக்கும் நேர்கிறது.

இப்படிக்கு,
காரைக்குடி, தேவகோட்டை வாசகர்கள் சிலர்