பல்பொடி வழக்கில் தீர்ப்பு

அன்புள்ள சேகர்,

நீ எழுதி எட்டு மாதம் ஆகிவிட்டது. ஏன் பதில் போடவில்லை என்று காரணம் சொல்லப்போவதில்லை. எதைச் சொன்னாலும் நீ நம்பமாட்டாய், எனக்கே நம்பிக்கை வராது. முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. சோடாபுட்டி போன மாதம் பேசினான், இன்னும் அதே வாத்துக் கதைதான். நலம் விசாரித்தாயிற்று, விஷயத்துக்கு வருகிறேன்.

பல்பொடி வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டதடா.

அப்பா எனக்குக் கொடுத்தாரே மரியா தெரசா தாலர், ஆஸ்திரிய மகாராணியின் தலை போட்ட வெள்ளிக் காசு, அதைத் தரம் பார்க்கும் நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பினேன். காசின் மதிப்பைவிட அவர்கள் கட்டணம் அதிகம். தெரிந்தேதான் அனுப்பினேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி. நாலு மாதம் கழித்து, இனி யாரும் தொட முடியாதபடி கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அடைத்துத் திருப்பி அனுப்பினார்கள். தலைமாட்டில் ஒரு சீட்டு. காசின் தரம் இவ்வளவு என்று அதில் ஒரு எண் இருக்க வேண்டும். என் காசுக்கு எண்ணே போடவில்லை. ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று மட்டும் இருந்தது. தேய்த்துக் கெடுத்த காசுக்கு எண் கிடையாதாம்.

முப்பத்தேழு வருஷமாக நீதான் பல்பொடி போட்டு அந்தக் காசைத் தேய்த்தாய் என்று கல்யாண வீடு, கருமாதி வீடு பார்க்காமல் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சோடாபுட்டி ஒவ்வொரு தடவையும் எனக்குச் சாட்சி. அந்தச் சீட்டில் யார் தேய்த்தார்கள் என்று இல்லை. ஆனால் வழக்கு அதோடு முடியவில்லை, கடைசியில் சொல்கிறேன்.

எதற்காக அனுப்பினேன் என்று கேட்பாய். எல்லாம் இணையத்தில் காசு சேர்ப்பவர்கள் குழு ஒன்றில் சேர்ந்ததிலிருந்து ஆரம்பித்தது. சேர்ந்தபோது எனக்கு இருந்தது ஒரே ஒரு கேள்வி. காசில் 1780 என்று இருக்கிறதே, உண்மையிலேயே அந்த வருஷத்துக் காசுதானா? படத்தைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் முன்பின் தெரியாத பதினோரு பேர் என் காசை மயிரிழை மயிரிழையாக ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். மகாராணி 1780-இல் இறந்துவிட்டாள். ஆனால் அரேபியாவிலும் எத்தியோப்பியாவிலும் வியாபாரிகள் அந்தத் தலையும் அந்த வருஷமும் இருந்தால்தான் காசை வாங்கினார்களாம். அதனால் வருஷத்தை மாற்றாமலே வியன்னா அடித்தது, மிலானும் வெனிஸும் அடித்தன, பிற்பாடு ரோம், லண்டன், பாரிஸ், பம்பாய்கூட அடித்தன. வியன்னாவில் இன்றைக்கும் அடிக்கிறார்கள். எது எங்கே அடித்தது என்று காசில் எழுதியிருக்காது. மகாராணி குத்தியிருக்கும் பதக்கத்தில் முத்துகளை எண்ண வேண்டும், பின்பக்கத்துக் கழுகின் வாலில் இறகுகளைப் பார்க்க வேண்டும். அப்பா நம்மை ‘பார், நன்றாகப் பார்’ என்று நச்சரிப்பாரே, நாமும் தலையாட்டிவிட்டு ஒன்றையும் பார்க்காமல் இருப்போமே, அதை அந்தப் பதினோரு பேர் ஒரே ராத்திரியில் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நம்முடையது பிற்காலத்து அச்சுதான். ஏமாற்றமே இல்லை, சந்தோஷத்தில் அன்றைக்குக் குளிக்கக்கூட மறந்துவிட்டேன்.

அந்த ஆறு மாதம் சொர்க்கம். புதுக் காசைச் சாய்த்துத் திருப்பினால் சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி ஒளி சுற்றி வருமே, அதை இந்த வயதில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். தேய்த்த காசில் அந்த ஒளி சுற்றாது, செத்த மீன் கண் மாதிரி மினுங்கும். இதெல்லாம் கற்றவன் நம் தாலரைச் சாய்த்துப் பார்த்திருக்கமாட்டானா? பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதை அப்புறம் பேசுவோம்.

பிறகுதான் எண் பிசாசு பிடித்தது. அதன் கதை தெரியுமா உனக்கு? 1949-இல் வில்லியம் ஷெல்டன் என்று ஒரு அமெரிக்க உளவியலாளர், 1793 முதல் 1814 வரை அடித்த பெரிய செம்பு சென்ட்டுகளுக்காக ஒன்று முதல் எழுபது வரை ஓர் அளவுகோல் போட்டார். ஏன் எழுபது என்றால், உச்சத் தரத்தில் இருக்கும் காசு, உருவமே தெரியாமல் தேய்ந்த காசைப் போல எழுபது மடங்கு விலை போகும் என்ற கணக்கு. விலைக்காகப் பிறந்த எண் அது, அழகுக்காகப் பிறந்ததல்ல. அந்தக் கணக்கு சீக்கிரமே பொய்த்துப்போனது, எண் மட்டும் நிலைத்துவிட்டது. இதே மனிதர்தான் ஆட்களின் உடல்வாகையும் மூன்று வகையாகப் பிரித்து எண் போட்டவர். இன்னொன்றும் கேள். அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் தொகுப்பிலிருந்து நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் தன்னுடைய மட்டமான காசுகளை வைத்துவிட்டார் என்பது அவர் இறந்த பிறகு தெரியவந்தது. உலகத்துக் காசுகள் பலவற்றுக்கும் இன்று மார்க் போடுவது அவருடைய அளவுகோல்தான். நம் கணக்கு வாத்தியார் ஞாபகம் வருகிறதா?

1986-இல் பிசிஜிஎஸ், மறு வருஷம் என்ஜிசி என்று இரண்டு நிறுவனங்கள் வந்து, காசுக்கு எண் போட்டு டப்பாவில் அடைக்க ஆரம்பித்தன. புழங்காத காசுக்கு 60 முதல் 70 வரை, மொத்தம் பதினோரு படிகள். 64-க்கும் 65-க்கும் உள்ள வித்தியாசம் சத்தியமாக என் கண்ணுக்குத் தெரியாது. விலையில் தெரியும்.

குழுவில் ஒரு விளையாட்டு உண்டு. சீட்டை மறைத்துவிட்டுக் காசின் படத்தை மட்டும் போட்டு, எண் என்னவென்று ஊகிக்கச் சொல்வார்கள். நான் குறும்பாக ஒரு வேலை செய்தேன். ஒரே காசை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம், ஒரு மாதம் கழித்து விளக்கைச் சாய்த்து வைத்து ஒரு படம் எடுத்துப் போட்டேன். முதல் படத்துக்குப் பெரும்பாலும் 58 என்றார்கள். இரண்டாவதற்கு 64. இரண்டு முறையும் ஒரே பெரியவர் ஏன், எதற்கு என்று அரைப் பக்கம் விளக்கம் எழுதினார். விழுந்து விழுந்து சிரித்தேன். அன்று ராத்திரி என் நோட்டைப் புரட்டினால், அந்தக் காசுக்கு வாங்கிய அன்றே நான் 63 என்று குறித்திருக்கிறேன். குழு 58 என்றதும் அடித்துத் திருத்தியிருக்கிறேன். கூடவே ‘கன்னத்தில் தேய்மானம்’ என்று குறிப்பு வேறு. அதுவரை அந்தக் கன்னத்தில் எனக்குத் தேய்மானமே தெரிந்ததில்லை. அவர்கள் சொன்னதும் தெரிந்துவிட்டது. சிரிப்பு அதோடு நின்றது.

இதில் மற்றவர்கள் இன்னும் மோசம் என்பது ஓர் ஆறுதல். எண் போதவில்லை என்றால் டப்பாவை உடைத்துக் காசை எடுத்து மறுபடி அனுப்புகிறார்கள். 64 வந்தால் 65 வரும்வரை அனுப்புவதற்கு ஆள் இருக்கிறது. பழைய சீட்டைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் அந்த ஒரே காசு நிறுவனத்தின் கணக்கில் இரண்டு காசாக, மூன்று காசாக ஏறிவிடும். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் எது அரிது என்று எல்லோரும் விலை பேசுகிறார்கள். இந்த எண் சரிதானா என்று பார்த்துச் சொல்ல 2007-இல் இன்னொரு நிறுவனம் கிளம்பியது. எண்ணுக்குத் தகுதியான காசென்றால் டப்பா மேலே பச்சை ஒட்டுவில்லை. எண்ணைவிடக் காசு நன்றாக இருந்தால் தங்க நிற வில்லை. மார்க்குக்கு மார்க்! வில்லைக்கு யார் மார்க் போடுவார்கள் என்று கேட்டேன், குழுவில் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

உன்னிடம் மறைப்பானேன், நானும் விழுந்தேன். ஒரு வரிசைக் காசுகளைச் சேர்த்து, எண்களைக் கூட்டி, யார் தொகுப்பு முதலிடம் என்று பட்டியல் போடுகிற போட்டி ஒன்று இருக்கிறது. அதற்காக, விளிம்பில் மயில் கழுத்து நீலம் ஏறிய ஒரு காசைக் கொடுத்துவிட்டு, ஓர் எண் கூடுதலாக இருந்த அழுதுவடியும் காசு ஒன்றை வாங்கினேன். நாலு இடம் முன்னேறினேன். அந்த நீலத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அதற்காகத் தரம் பார்ப்பதே ஏமாற்று என்று எழுதுகிறேன் என நினைக்காதே. போலிக் காசு அவ்வளவு நடமாடுகிறது. நேரில் பார்க்காமல் படத்தைப் பார்த்து வாங்குகிறவனுக்கு அந்த டப்பா இல்லாவிட்டால் வேறு நாதியில்லை. டப்பாவையே போலியாகச் செய்கிறார்கள் என்பதும் உண்மை. அதனால் சீட்டில் தர எண்ணோடு இருக்கும் பதிவு எண்ணை நிறுவனத்தின் பதிவில் தேடி, அங்கிருக்கும் படத்தோடு கீறல் கீறலாக ஒப்பிட வேண்டும். முதல் போலி டப்பாவைக் காட்டிக்கொடுத்து என்னைக் காப்பாற்றியதும் இதே குழுதான். திட்டிக்கொண்டே தினமும் அங்கே போகிறேன்.

இனி நீ கேட்டது. அப்பாவின் ஆல்பங்களை மொத்தமாக அனுப்பி எண் வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். முக்கால்வாசிக் காசுக்குக் கட்டணம்கூடத் தேறாது. போலி என்று சந்தேகம் உள்ளவை, கட்டணத்தைப் போலப் பல மடங்கு போகக்கூடியவை என்று பத்துப் பன்னிரண்டு தேறலாம். அவற்றை நான் பொறுக்கித் தருகிறேன். அதைவிட அவசரம் ஒன்று இருக்கிறது. அந்த மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகளில் இருக்கும் காசுகளை இன்றே வெளியே எடு. அது பிவிசி. நாளாக ஆகப் பச்சையாய்ப் பிசுபிசுவென்று கசிந்து காசைத் தின்றுவிடும். அப்படிப் பிசுக்கு இருந்தால் கலப்பில்லாத அசிட்டோனில் போட்டு எடுத்துத் தானாக உலர விடு. நகப்பூச்சு அழிக்கிற திரவம் ஆகாது. ஜன்னலைத் திறந்து வை, பக்கத்தில் அடுப்பு எரியக்கூடாது. துணியால் துடைக்காதே. மறுபடி சொல்கிறேன், துணியைத் தொடவே தொடாதே.

அப்பாவின் காகித உறைகளில் ஒன்றைக்கூட எறிந்துவிடாதே. பென்சிலில் எழுதியிருப்பாரே, ‘நன்று’, ‘பரவாயில்லை’, ‘முகம் சரி, முதுகு மோசம்’ என்று. அவர் தரம் பார்த்தது அப்படித்தான். தாலருக்கு ‘நன்று’ என்று எழுதிக் கொடுத்தார். நானும் இத்தனை வருஷம் காசை எடுக்கும்போதெல்லாம் அந்த வார்த்தையைத்தான் பார்த்தேன். அதனால்தான் சாய்த்துப் பார்த்தபோதும் எனக்குக் கீறல் தெரியவில்லை என்று நினைக்கிறேன். அவர் போட்ட சீட்டுக்கு மேலே என் கண் போகவில்லை.

டப்பா வந்த அன்று அந்த உறையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பசை விட்டுப்போய் மடிப்பு தானாகத் திறந்துகொண்டது. உள்பக்கம் அதே பென்சில், பொடி எழுத்து: ‘பையன்கள் பல்பொடி போட்டுத் தேய்த்துவிட்டார்கள். மூன்று பேரும். கேட்கவில்லை.’

அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே வெளியே ‘நன்று’ என்று எழுதியிருக்கிறார். என் மனைவி வந்து என்ன ஆச்சு என்று கேட்டாள். தும்மல் என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை டப்பாவை உடைத்துவிட்டேன். குறடு, சுத்தியல், பழைய துண்டு. ஒரு சில்லு பறந்து நிலைக்கண்ணாடியில் பட்டது, அதற்கு இன்னும் திட்டு விழுகிறது. விளிம்பைப் பார்க்க வேண்டும் என்றுதான் உடைத்தேன். அந்தத் தாலரின் விளிம்பில் லத்தீனில் ‘நீதியும் கருணையும்’ என்று பொறித்திருப்பார்கள், அதை டப்பா மறைத்துவிட்டது. இப்போது காசு அப்பாவின் உறைக்குள்ளேயே இருக்கிறது.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை வருகிறேன். ஆல்பங்களைப் பிரித்து மேஜையில் வைத்திரு. நல்ல மேஜை விளக்கு ஒன்று வேண்டும், பூதக்கண்ணாடி நான் கொண்டுவருகிறேன். எண்ணே பேசாமல் ஒரு நாள் முழுக்கப் பார்ப்போம்.

உன்
முரளி

பி.கு.: மூன்று பேர் என்பதைக் கவனித்தாயா? சோடாபுட்டியிடம் இன்னும் சொல்லவில்லை. அவனையும் அன்றைக்கு வரச்சொல். முதலில் வழக்கம்போல அவன் சாட்சி சொல்லி முடிக்கட்டும், அப்புறம் உறையைப் பிரிக்கலாம்.