ஈசிஎம் மாத்தறதுக்கு முன்னாடி மீட்டரை எடுங்க

ஆசிரியருக்கு வணக்கம்ங்க,

கார் சர்வீஸ் செலவு பத்தி உங்க பேப்பர்ல வாசகருங்க எழுதறதை பாத்துட்டுதான் இருக்கேன், ஆனா ஈசிஎம், அதாவது என்ஜினை கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர் பெட்டி, அதைப் பத்தி யாரும் எழுதல. நான் ஈரோட்டுல ஆட்டோ எலெக்ட்ரீஷியன். இப்பெல்லாம் அடிக்கடி வர்ற கேஸ் என்னன்னா, செக் என்ஜின் லைட் எரியுது, ஸ்கேனர் மாட்டறாங்க, பி0603னு ஒரு கோளாறு நம்பர் (கோடு) வருது, அதுல மெமரி எரர்னு பாத்த உடனே "ஈசிஎம் போச்சு சார், புதுசுதான்"னு எஸ்டிமேட் போட்டு கையில குடுத்துடறாங்க, கஸ்டமரும் கம்ப்யூட்டரே சொல்லிருச்சுன்னு பயந்துக்கறாரு.

அந்த கோடு எந்த கம்பெனி கார்லயும் ஒரே அர்த்தம்தாங்க. சாவி ஆஃப் பண்ணாலும் ஈசிஎம்முக்கு பேட்டரில இருந்து நேரா ஒரு லைன் வந்துட்டே இருக்கும், ஆக்சிலரேட்டர் மிதிக்காதப்ப என்ஜின் வேகம் (ஐடில்) எவ்வளவு வைக்கணும், பெட்ரோல் எவ்வளவு கூட்டணும் குறைக்கணும்னு ஓட ஓட கத்துக்கிட்டதை நிறைய வண்டில அந்த கரண்டுலதான் ஞாபகம் வச்சிருக்கும், அந்த சப்ளை விட்டு விட்டு வந்தா மறந்துடும், உடனே பி0603 விழும். பேட்டரி மாத்தின கையோட கூட சில வண்டில விழும், அழிச்சுட்டு ஓட்டிப் பாத்தா திரும்ப வராது. அதனால முதல்ல சந்தேகப்பட வேண்டியது பேட்டரி டெர்மினல், ஃபியூஸ், எர்த் (பேட்டரி மைனஸ் பாடியோட சேர்ற இடம்), அப்புறம் ஆம்ப்ளிஃபயர், அலாரம்னு வெளிய மாட்டினவங்க வெட்டி ஒட்டின வயரு.

சமீபத்துல ஒரு வண்டி, முன்னாடி இடிச்சு டிங்கரிங் பெயிண்டிங் முடிச்சு வந்தது, ஒரு ஒர்க்‌ஷாப்ல ஈசிஎம் மாத்தச் சொல்லி அனுப்பிருக்காங்க. பாத்தா பாடி எர்த் போல்ட்டை புது பெயிண்ட் மேலயே வச்சு முடுக்கி இருக்கு! பெயிண்ட்டுல எங்கங்க கரண்ட் போகும்? எமரி பேப்பர் போட்டு தகரம் பளிச்சுன்னு தெரியற வரை தேச்சு, திரும்ப முடுக்கி, கோடை அழிச்சு அனுப்பினேன், அதுக்கப்புறம் லைட் எரியல.

செக் பண்றது ஒண்ணும் பெரிய வேலை இல்ல. என்ஜின் ஆஃப்ல இருக்கறப்ப பேட்டரி 12.6 வோல்ட் பக்கத்துல இருக்கணும், ஸ்டார்ட் பண்றப்ப 9.6க்கு கீழ விழக்கூடாது, ஓடறப்ப 13.5ல இருந்து 14.5 வரை. அப்புறம் ஈசிஎம் கப்ளரை (வயரு எல்லாம் சேர்ந்து மாட்டற சாக்கெட்) கழட்டி, சாவி ஆஃப்ல அந்த நேர் லைன்ல சப்ளை வருதான்னு பாக்கணும், இங்க நிறைய பேரு வெறும் மீட்டர் வச்சு 12 காட்டுது ஓகேன்னு விட்டுடறாங்க, வயரு அரிச்சுப் போய் தொட்டும் தொடாம இருந்தாலும் மீட்டர் 12 காட்டும்ங்க, 21 வாட் இண்டிகேட்டர் பல்பை அதுல குடுத்தா பளிச்சுன்னு எரியாம மங்கும், அப்பத்தான் வேஷம் கலையும்.

உண்மையிலேயே ஈசிஎம் போறதும் உண்டு, இல்லன்னு சொல்லல. உள் மெமரி கோளாறுன்னு சொல்ற பி0604, பி0605 கோடு வந்து, சப்ளையும் எர்த்தும் சுத்தமா இருந்தும் அழிச்ச உடனே திரும்ப வந்தா உள்ளதான் கோளாறு. பி0601 வேற, உள்ள இருக்கற புரோகிராம் கணக்கு டேலி ஆகலன்னு அர்த்தம், ரீமேப் பண்ண (பவர் கூட்ட சாஃப்ட்வேரை மாத்தின) வண்டில இதை பாக்கலாம், திரும்ப சாஃப்ட்வேர் ஏத்தினாலே சில சமயம் சரியாயிடும். சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைல பழசு வாங்கி போட்டுக்கலாம்னு கிளம்பறவங்களுக்கும் ஒண்ணு, இம்மொபிலைசர் (வேற சாவி போட்டா ஸ்டார்ட் ஆக விடாத திருட்டுத் தடுப்பு) இருக்கற வண்டில சாவியோட கோடிங் பண்ணலன்னா ஸ்டார்ட்டே ஆகாது.

நான் கேக்கறது இதுதான். ஈசிஎம் மாத்தணும்னு எழுதற ஒர்க்‌ஷாப், பேட்டரி வோல்ட், ஈசிஎம் சப்ளை, எர்த் டெஸ்ட் மூணையும் ஜாப் கார்டுல எழுதி கையெழுத்து போட்டு தரட்டும், கழட்டின பழைய ஈசிஎம்மை கஸ்டமர் கையில குடுக்கட்டும். எழுதித் தர மாட்டோம்னா வண்டிய எடுத்துட்டு வேற இடம் பாருங்க.

இப்படிக்கு,
ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருத்தர், ஈரோடு