குறுவாளின் மீது விழுந்த அடி: போர்க்கருவிச் சமநிலைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணம்

மதிப்புக்குரிய சமநிலைக் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற மாத அப்டேட்டில் உங்கள் இணைய விளையாட்டின் கனரகக் கவசத்தின் கழிவை, அதாவது ஒவ்வோர் அடியின் சேதத்திலிருந்தும் அது குறைக்கும் புள்ளிகளை, 40 இலிருந்து 60 ஆக உயர்த்தினீர்கள். நீண்ட அறிவிப்பில் அதற்கென ஒரே ஒரு வரியைத்தான் ஒதுக்கியிருந்தீர்கள். அந்த ஒரு வரி எங்கள் குழுவில் என்ன செய்தது என்பதைச் சொல்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்திலும் வடமராட்சியிலும் இருந்து ஐந்து ஆண்டுகளாக உங்கள் விளையாட்டை விளையாடிவரும் பன்னிரண்டு பேருக்கு நான் தலைவன். உங்கள் கணக்கை உங்களுக்கே திருப்பிச் சொல்வதைப் பொறுத்தருள வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் மாற்றினீர்களா என்ற ஐயம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இருகை வாள் மூன்று செக்கனுக்கு ஒரு வீச்சாக 300 புள்ளிச் சேதம் செய்கிறது. குறுவாள் செக்கனுக்கு ஒரு குத்தாக 100 செய்கிறது. கவசமில்லாத எதிரியிடம் இரண்டும் சமம். ஆனால் கவசமோ ஒவ்வோர் அடியிலும் தனித்தனியாகக் கழிக்கிறது. வில்லங்கம் அங்கேதான் தொடங்குகிறது. மூன்று செக்கனில் இருகை வாளிடம் ஒரு தடவை 60 ஐ அறவிடும் கவசம், அதே மூன்று செக்கனில் குறுவாளிடம் மூன்று தடவை அறவிடுகிறது. ஒரு மூட்டை வெங்காயத்தை லொறியில் கொண்டுவருபவரிடம் ஒரு தடவையும், அதே வெங்காயத்தைக் கடகத்தில் மூன்று நடையாகச் சுமந்து வருபவரிடம் மூன்று தடவையும் சந்தை வாசலில் வரி வாங்கினால் எப்படியோ, அப்படி. முன்பு செக்கனுக்கு 87 இற்கும் 60 இற்கும் இடையே இருந்த போட்டி இப்போது 80 இற்கும் 40 இற்கும் இடையே நடக்கிறது. முன்பிருந்த இடைவெளியும் நியாயமானதென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அரக்கனின் முதுகுப்புறம் சுற்றிப்போய் நேரம் பார்த்துக் குத்தத் தெரிந்தவர் அதை ஒருவாறு ஈடுகட்டினார். சரிபாதியை எந்தக் கைத்திறனாலும் ஈடுகட்ட இயலாது.

எங்கள் குழுவில் பருத்தித்துறைப் பக்கத்துத் தம்பி ஒருவர் இருக்கிறார். குறுவாளைத் தவிர வேறெதையும் அவர் கையில் எடுத்ததில்லை. தீட்டும்போது உடைந்துபோகக்கூடும் என்ற பயத்துடனேயே எட்டு மாதங்களாகத் தாது சேர்த்து, அந்த வாளைப் பதினைந்தாம் படிவரை தீட்டி வைத்திருந்தார். அப்டேட்டின் பின்னர் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து நிலவறைக் கோட்டையின் கவச அரக்கனிடம் தோற்றோம். பத்து நிமிடக் கெடு முடிந்து அவனுக்கு வெறி ஏறும்போது அவனிடம் இரண்டு சதவீத உயிர் மிஞ்சியிருக்கும். நான்காவது கிழமை போர்ப் பதிவைத் திறந்து பார்த்தபோது, குறை எவருடைய விரலிலும் இல்லை, ஒருவருடைய வாளிலேயே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அவர்தான், "அண்ணை, நான் நிக்கட்டோ, போகட்டோ?" என்று கேட்டார். போகச் சொன்னவன் நான்.

அடுத்த கிழமை அவருடைய இடத்தில் இருகை வாளுடன் வேறொருவர் நின்றார். பத்துப் பன்னிரண்டு செக்கன் மிச்சமிருக்க அரக்கன் விழுந்தான். தம்பி குரல் அலைவரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்து, "சந்தோசம் அண்ணை" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியேறினார். நாங்கள் வென்றது உங்கள் அரக்கனையா என்று அன்றிரவு யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் இடத்திலிருந்து விளையாடுபவர்களுக்கு இதன்மேல் இன்னொரு சுமையும் இருக்கிறது. ஓர் அடியை உங்கள் வழங்கி (சேர்வர்) ஏற்றுக்கொண்ட பின்னரே அடுத்த அடி தொடங்கவேண்டும் என்பது உங்கள் அமைப்பு. இரவு ஒன்பது மணிக்கு, ஊரெல்லாம் இணையத்தில் இருக்கும் வேளையில், எங்கள் பிங், அதாவது தகவல் வழங்கிக்குப் போய்த் திரும்பும் நேரம், 120 மில்லிசெக்கனுக்குக் குறைவதில்லை. ஒரு செக்கன் குத்து 1.12 செக்கனாகும்போது குறுவாளுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் இழப்பு. மூன்று செக்கன் வீச்சு 3.12 ஆகும்போது இருகை வாளுக்கு நான்கு சதவீதமும் இல்லை. வழங்கிக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு இது தெரியாது. ஆகவே நான் கேட்பது ஒன்றுதான்: கவசக் கழிவை அடிக்கு ஒரு நிலையான தொகையாக எடுக்காமல், சேதத்தில் இத்தனை சதவீதம் என்று எடுங்கள். முப்பது என்றாலும் நாற்பது என்றாலும், எல்லா வாளுக்கும் ஒரே சதவீதமாக இருக்கட்டும்.

மாற்றத்துக்கு நீங்கள் சொன்ன காரணம் யதார்த்தம் என்பது. சிறிய வாள் கனத்த கவசத்தை ஊடுருவாதாம். வாளின் வரலாறு இதற்கு நேர்மாறானது. பதினைந்தாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் முழுத்தகட்டுக் கவசம் அணிந்தவரை நீண்ட வாளால் வெட்டிச் சாய்க்க முடியாதென்பதால், வாள்வீரர்கள் ஒரு கையால் அலகின் நடுவைப் பிடித்து, நீண்ட வாளையே குறுக்கி, அக்குளிலும் மூட்டு இடுக்கிலும் குத்தினார்கள். கீழே விழுத்தியவரை முடித்தது பெரும்பாலும் ரொண்டெல் என்ற குத்துவாள்தான். யதார்த்தம் வேண்டுமென்றால் முழு யதார்த்தத்தையும் தாருங்கள், நாங்கள் மறுக்கமாட்டோம். பறக்கும் பல்லி நெருப்பு உமிழும் தேசத்தில் குறுவாளுக்கு மட்டும் யதார்த்தம் ஏன் இவ்வளவு கண்டிப்பாக வந்தது என்பதுதான் விளங்கவில்லை.

அப்டேட் வெளியான அதே நாளில் இருகை வாளுக்கு ஊதா நிறத் தீச்சுவாலை ஒன்று உங்கள் கடையில் 15 டொலருக்கு வந்திருந்ததைத் தற்செயல் என்றே எடுத்துக்கொள்கிறேன். சுவாலை வெகு நேர்த்தியாக எரிகிறது. அதை வரைந்தவருக்கு என் பாராட்டுகள். 2022 இல் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 350 ஐத் தாண்டியபோதும், மார்ச் முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் நின்றபோதும், சந்தாவை நிறுத்தாதவர்கள் எங்கள் குழுவில் ஏழு பேர். உங்கள் உரையாடல் பெட்டியில் 'அண்ணை' என்று எழுதினால் ஐகாரக் குறி எழுத்தின் முன்னே நிற்காமல் பின்னால் போய் விழுகிறது. அதையும் ஐந்து ஆண்டுகளாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறோம். அது வேறொரு மடலுக்குரிய விடயம். கோபத்தில் வழி விலகிவிட்டேன், மன்னிக்கவும்.

இருகை வாளைப் பலவீனப்படுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. அதை ஏந்துபவர்களும் எங்கள் நண்பர்களே. ஒருவரின் வாளை மழுங்கடித்து இன்னொருவருடையதைக் கூராக்குவது எங்களுக்கு வேண்டாம். வளைவாளின் குருதிக்கசிவு கவசத்தைத் தாண்டிப் போவதால் அதற்கு இந்தச் சிக்கல் இல்லை, நெடுவாள் நடுவில் தப்பிவிட்டது. அடிபட்டது குறுவாள் ஒன்றுதான். கழிவைச் சதவீதமாக்குவதற்குக் காலம் எடுக்குமென்றால், அதுவரை ஓர் அடியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் கவசம் கழிக்கக்கூடாதென்று ஓர் உச்ச எல்லையாவது வையுங்கள். அப்போது குறுவாள் செக்கனுக்கு 67 அளவில் நிற்கும். 80 இற்கு எதிரே அது போதும், மிச்சத்தைக் கையால் பார்த்துக்கொள்வோம்.

அடுத்த பருவம் தொடங்குமுன் இதைச் சோதனை வழங்கியில் ஒரு கிழமையாவது ஓடவிட்டுப் பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளின் போர்ப் பதிவுகளும் என்னிடம் இருக்கின்றன. கேட்டால் அன்றே அனுப்பிவைப்பேன். தம்பியின் இடத்தில் இப்போது நிற்பவருக்கு அது தற்காலிகம் என்று சொல்லித்தான் இடம் கொடுத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
பன்னிருவர் குழுவின் தலைவன்